வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்?

மைசூரில் நான் குடியிருக்கும் தெருவில், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கேயே வாழும் ஒரு குடும்பம் இருக்கிறது. இரு மாதங்களுக்கு முன் அந்த வீட்டு அக்கா தம் கைப்பேசியில் மூன்று விளம்பரங்களைத் திறந்து காட்டினார். மூன்றும் வீட்டிலிருந்தே குழந்தைக்கு வாசிக்கக் கற்பிப்பதற்கான பாடத்திட்டங்கள். ஒன்று பிரிட்டனில் உருவானது. மற்ற இரண்டும் அமெரிக்காவில் உருவானவை. அவருடைய மகன் மூன்றாம் வகுப்பில் இருக்கிறான். எட்டு வயது முடிந்துவிட்டது. எந்த மொழியிலும் ஒரு வரியைக்கூடத் தடையின்றி வாசிக்க அவனால் முடியவில்லை. "நீங்க மொழியியல் படிக்கிறவங்க. இதுல எதை வாங்கலாம்னு மட்டும் சொல்லும்மா. ஒரு வருசம் ஸ்கூலை நிறுத்திட்டு நானே வீட்ல வெச்சுச் சொல்லிக் குடுக்கறேன்" என்றார். ஓராண்டுச் சந்தா அவர் கணவரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. முதுகலையில் இரண்டு ஆண்டுகள் மொழியியல் பயின்று, பிறகு முனைவர் பட்ட ஆய்விலும் இறங்கிய ஒருத்தியிடம் இக்கேள்விக்கு விடை இல்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. சில நாள் அவகாசம் கேட்டேன். கடந்த ஆறு வாரங்களாக மாலையில் அரைமணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்காருகிறேன். இப்போது எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது: அந்த மூன்றில் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டியதில்லை. அவை நல்ல பாடத்திட்டங்களே. ஆனால், ஆங்கில எழுத்துமுறை பிள்ளைகளுக்குத் தரும் தொல்லையைத் தீர்க்கவென்று கட்டப்பட்டவை. இந்தப் பிள்ளை சிக்கிக்கொண்டிருக்கும் இடம் வேறு.

ஆங்கிலத்தின் தொல்லை என்னவென்று முதலில் பார்ப்போம். ஆர்ட்டன்–கில்லிங்காம் என்ற பெயரை இவ்வகை விளம்பரங்கள் பலவற்றில் காணலாம். சாமுவேல் ஆர்ட்டன் அமெரிக்க மருத்துவர். ஆன்னா கில்லிங்காம் கல்வியாளர். 1930களில் இருவர் பணியிலிருந்தும் உருவான முறை அது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல், கண், காது, கை மூன்றையும் ஈடுபடுத்திக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவின் தனியார் பள்ளிகளில் பரவியிருக்கும் ஜாலி ஃபோனிக்ஸ் 42 ஒலிகளைக் கற்பிக்கிறது. எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்குகிறது. அந்த ஆறையும் கொண்டு நிறையச் சின்னச் சொற்களைக் கட்டலாம் என்பதே காரணம். இத்தனை ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? ஆங்கிலத்தில் 'வாசி' என்று பொருள்படும் வினைச்சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்காலத்தில் 'ரீட்', இறந்தகாலத்தில் 'ரெட்', எழுத்துக்கூட்டு ஒன்றுதான். 2003இல் சீமோர், ஆரோ, எர்ஸ்கின் ஆகியோர் 13 ஐரோப்பிய எழுத்துமுறைகளை ஒப்பிட்டார்கள். முதல் வகுப்பு முடிவில் பெரும்பாலான மொழிகளின் பிள்ளைகள் தெரிந்த சொற்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வாசித்தது 34 சதவீதம். 1955இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் எழுதிய நூலிலிருந்து 2000இல் அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை வரை அங்கே நடந்த நெடிய வழக்குக்கும் இதுவே அடிப்படை.

இடையில் ஒன்று. இவ்வகைப் பாடத்திட்டங்களோடு மணல்தட்டும் தனியே விற்கப்படுகிறது. பிள்ளை விரலால் மணலில் எழுத வேண்டுமாம். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். நம் திண்ணையிலிருந்து கப்பலேறிய மணல் இப்போது பெட்டியில் திரும்பி வருகிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது நன்றாகச் சிரித்தார். மறுநாள் ஒரு தாம்பாளத்தில் மணல் தயாராக இருந்தது.

இனிப் பிள்ளையிடம் வருகிறேன். முதல் நாள், பிரதம் அமைப்பு தன் 'அசர்' ஆய்வுகளில் கையாளும் படிநிலையைப் பின்பற்றி எழுத்து, சொல், பத்தி, கதை என்று சோதித்தேன். பன்னிரண்டு உயிரையும் பதினெட்டு மெய்யையும் பாட்டாக ஒப்பித்தான். வரிசையைக் கலைத்து அட்டைகளாகக் காட்டியதும் பாதியில் நின்றுவிட்டான். அவனுக்குத் தெரிந்தது பாட்டு. எழுத்தை அவன் இன்னும் சந்தித்திருக்கவில்லை. 'கடல்' என்று எழுதிக் காட்டினேன். அவன் முகம் இறுகியது. 'க்... அ... ட்... அ...' என்று தொடங்கி, நான்காவது ஒலிக்குள் முதல் ஒலியை மறந்துவிட்டான். ஆங்கில ஃபோனிக்ஸ் காணொளி ஒன்றைப் பார்த்த அக்கா, தமிழையும் அப்படியே ஒலி ஒலியாகப் பிரித்துக் கூட்டச் சொல்லியிருக்கிறார். மூன்றே எழுத்தில் கண்முன் நிற்கும் சொல்லை ஐந்து ஒலிகளாக உடைத்து, நினைவில் ஏந்தி, மறுபடி ஒட்டவைக்கும் வேலையை அந்தப் பிள்ளை செய்துகொண்டிருந்தான். 'க', 'ட', 'ல்' என்று அட்டையால் மறைத்து மறைத்துக் காட்டியபோது இரண்டாம் முயற்சியிலேயே 'கடல்' என்றான்.

நம் எழுத்துமுறை அசையை அடிப்படையாகக் கொண்டது. ஒலியன் அதற்குள் மறைந்து நிற்கிறது. பிரகாஷ், பிரதிபா காரந்த் முதலியோர் 1990களில் இந்திய எழுத்துகளைக் கற்கும் பிள்ளைகளை ஆய்ந்து, தனி ஒலியன்களைப் பிரித்தறியும் திறன் வளராத நிலையிலும் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று காட்டினார்கள். சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கன்னட ஆய்வும் இந்தத் திசையிலேயே செல்கிறது: ஒலியனுணர்வு மெதுவாகவே தலைகாட்டுகிறது, எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர மூன்று நான்கு வகுப்புகள் வரை ஆகிறது. ஆங்கிலப் பிள்ளை 26 எழுத்துகளின் பல முகங்களோடு போராடுகிறது. நம் பிள்ளை, ஒழுங்கான உறவு கொண்ட ஆனால் மிக நீண்ட ஒரு பட்டியலோடு போராடுகிறது. ஒன்றுக்கு எழுதிய மருந்து மற்றொன்றுக்குச் சரிவராது.

தமிழில் இந்தப் போராட்டமே இல்லை என்று நாம் சொல்லி வந்திருப்பதுதான் என் மனக்குறை. 'எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். இதைவிட எளிய மொழி உண்டா' என்பதை மேடையிலும் வகுப்பிலும் கேட்டு வளர்ந்தோம். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஏறக்குறைய உண்மை. ஏணியின் கீழே நிற்கும் பிள்ளைக்கு அது ஒரு பழிச்சொல். இவ்வளவு எளியதைக்கூடக் கற்க முடியாதவன் மக்கு என்ற முடிவுக்கு ஆசிரியரும் பெற்றோரும் வருகிறார்கள். கொஞ்ச நாளில் பிள்ளையும் வந்துவிடுகிறான். அந்தப் பையன் முதல் நாளே என்னிடம், "எனக்கு மண்டைல ஏறாது அக்கா" என்றான். எட்டு வயதில் இந்த வாக்கியத்தை அவன் யாரிடமிருந்தோ கற்றிருக்க வேண்டும்.

'கொடி' என்ற சொல்லை அவன் 'கெரடி' என்று வாசித்தான். பலர் இதைக் கவனக்குறைவு என்பார்கள். உண்மையில் கண்ணில் பட்டதை இடமிருந்து வலமாக அவன் மிக ஒழுங்காகவே வாசித்திருக்கிறான். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. துணைக்காலோ அச்சில் ரகரத்தின் உடன்பிறப்பு. கொம்பும் காலும் இருபுறமும் நின்று ஒரே உயிரைக் குறிக்கின்றன என்று யாரும் அவனுக்கு நிறுத்திச் சொல்லவில்லை. இந்தியிலும் இகரக் குறி மெய்க்கு முன்னால் எழுதப்படும். அத்தகைய சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரமாகிறது என்று வைத், குப்தா இருவரும் 2002இல் தேவநாகரியை வைத்துக் காட்டினார்கள். கன்னடத்தில் எகரக் குறி எழுத்தின் தலைமேல் அமர்ந்துவிடுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே சிக்கல் ஒத்தெழுத்துகளில்.

அடுத்து உகர, ஊகார வரிசைகள். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள். து, நு, லு, று ஒரு குடும்பம். பு, யு, வு இன்னொன்று. டு, மு, ரு, ளு மற்றொன்று. கூ யாரோடும் சேராமல் தனியே நிற்கிறது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கைக்கொண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்று, ணா, றா, னா, லை, ளை முதலிய 13 வடிவங்களை ஒழுங்குபடுத்தியது. நம் தாத்தாக்கள் தனித்தனியே மனப்பாடம் செய்ததை நாம் செய்ய வேண்டியிருக்கவில்லை. உகர வரிசையையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று வா. செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதிட்டார், நடக்கவில்லை. அந்த விவாதத்தை நான் இங்கே மறுபடி கிளப்பவில்லை. கிளப்பினால் கருத்துப் பெட்டி என்னாகும் என்று தெரியும். ஆனால், எழுத்தை மாற்றப் போவதில்லை என்றால், அந்த 36ஐயும் குடும்பம் குடும்பமாக, நேரம் கொடுத்துக் கற்பிக்கும் கடமையாவது நமக்கு உண்டு. பெரும்பாலான அரிச்சுவடிகளில் அவை ஒரே பக்கத்தில் கட்டம் போட்டு முடிந்துவிடுகின்றன.

ஒலியிலும் அப்படித்தான். அவன் 'மேகம்' என்பதில் மூன்று எழுத்தையும் சரியாகவே சொன்னான். ககரத்தைச் சொல்லின் முதலில் வருவதுபோல் வல்லென்று ஒலித்தான். அதனால் அது அவன் வாயில் ஏற்கெனவே உள்ள சொல்லோடு ஒட்டவில்லை. வானத்தைக் காட்டினேன். "ஓ, மேகமா!" என்றான். உயிர்களுக்கிடையிலும் மெல்லினத்தை அடுத்தும் வல்லினம் நெகிழும் என்பது நமக்கு முதலாண்டுப் பாடம். பிள்ளைக்கு அது, அரைகுறையாகக் கூட்டிய ஒலியைத் தெரிந்த சொல்லோடு பொருத்தித் திருத்திக்கொள்ளும் பழக்கம். அதற்குச் சொல் முன்பே மனத்தில் இருந்தாக வேண்டும்.

அங்கேதான் இரட்டை வழக்கு குறுக்கே வருகிறது. 'பூனை ஓடுகிறது' என்பதைப் பெரும்பாடுபட்டுக் கூட்டி முடித்துவிட்டு, "அப்படின்னா?" என்று கேட்டான். அவன் பூனை 'ஓடுது'. அது ஒருபோதும் 'ஓடுகிறது' என்று ஓடியதில்லை. எழுத்தைக் கூட்டும் சுமையும் அறியாத வடிவத்தைப் புரிந்துகொள்ளும் சுமையும் ஒரே நாளில் ஒரே தோளில் ஏறக் கூடாது. எழுத்துக்கும் பேச்சுக்கும் பொதுவான வடிவங்கள் தமிழில் நிறையவே உள்ளன: படம், கடல், பால், கல் போன்ற பெயர்கள், படி, எடு, ஓடு, பாடு, தேடு போன்ற ஏவல்கள். ஏவல் வினைகளை மட்டும் வைத்தே ஒரு வாரம் விளையாடலாம். அட்டையை வாசித்து அதன்படி செய்ய வேண்டும். 'ஓடு' அட்டை வந்தால் தெருமுனை வரை போய்விட்டுத்தான் வருவான். 1990களில் அறிவொளி இயக்கம் முதியோருக்குத் தந்த பாடநூல் 'பட்டா', 'படி' என்று தொடங்கியதில் எத்தனை மொழியறிவும் உலகறிவும் இருந்தன என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பகரம், டகரம், ஒரு கால், ஒரு புள்ளி, ஒரு மேல்விலங்கு: இத்தனை குறைந்த முதலீட்டில் நிலமும் கல்வியும்.

சரி, எந்த மொழியில் தொடங்குவது? அவன் பள்ளி ஆங்கிலவழிப் பள்ளி. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடமும் கட்டாயம். வீட்டில் தமிழ். மூன்று எழுத்துமுறைகள் ஒரே நேரத்தில் அவன்மேல் விழுந்திருக்கின்றன. இத்தகைய நிலையில் 'வீட்டில் ஒரே மொழியைப் பேசுங்கள், ஆங்கிலத்தையே பேசுங்கள்' என்று அறிவுரை சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச்சு மொழிகள் எத்தனை இருந்தாலும் இருக்கட்டும். அவன் தெருவில் பேசும் கன்னடம் என் கன்னடத்தைவிட எவ்வளவோ மேல். குறைக்க வேண்டியது எழுத்துமுறைகளை, அதுவும் சில மாதங்களுக்கு. ஒன்று ஊன்றிய பிறகு அடுத்தது. அசையெழுத்தின் தர்க்கம் ஒன்றில் பிடிபட்டால் மற்றதற்கும் உதவும் என்பதால் தமிழா கன்னடமா என்று நானும் சில நாள் தயங்கினேன். இறுதியில் முடிவு செய்தது மொழியியல் அல்ல. அக்கா பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்; கன்னடம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது; ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பார். வீட்டில் கற்பிக்கப் போகிறவர் எந்த எழுத்தில் தாமே அச்சமின்றி வாசிக்கிறாரோ அதில்தான் வீட்டுப் பாடம் நடக்கும். இந்த ஒரு கேள்வியை எந்த விளம்பரமும் கேட்பதில்லை.

ஆக, நாங்கள் கையால் செய்துகொண்ட பாடத்திட்டம் இதுதான். முதலில் குறியில்லாத சில அகர எழுத்துகளும் புள்ளியும்: படம், மரம், பழம், நகம். பிறகு கால், பிறகு விலங்குகள், பிறகு உகரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் கொம்புகள். கற்றதற்கு அப்பாற்பட்ட எழுத்து வாசிப்புப் பக்கத்தில் வரக் கூடாது. வாசித்ததை உடனே மணலில் எழுத வேண்டும். சரியாக வாசித்தால் மட்டும் போதாது, தயங்காமல் வாசிக்கும் வரை அந்தப் பக்கம் நீடிக்கும். எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் சிரமப்படும் பிள்ளைகள் தவறில்லாமல், ஆனால் ஆமை வேகத்தில் வாசிப்பார்கள் என்று 1993இல் ஹைன்ஸ் விம்மர் ஜெர்மன் பிள்ளைகளிடம் கண்டார். தமிழ்ப் பிள்ளைகளிடமும் அதையே எதிர்பார்க்கலாம். 'தப்பே இல்லாம படிக்கிறானே' என்று விட்டுவிட்டால் ஐந்தாம் வகுப்பில் வேறு உருவில் திரும்பி வரும். ஆர்ட்டன்–கில்லிங்காம் முறையின் நல்ல எலும்பு இதில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒழுங்கு, சிறு படி, கைப்பழக்கம்: இவை எந்த மொழிக்கும் பொது. வரிசையும் அலகும்தான் மொழிக்கு மொழி மாற வேண்டும்.

பள்ளியை நிறுத்துவது பற்றியும் பேசினோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியது. வீட்டுக்கல்விக்கென்று தனி ஏற்பாடு எதையும் அது வகுக்கவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளை நடத்துவதால் வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. வீட்டுக்கல்வியை நான் பொதுவில் எதிர்ப்பவளும் அல்லள். ஆனால், இந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது நாளுக்கு அரைமணி நேரம். அதற்காக அவன் நண்பர்களையும் அவர்களோடு வரும் கன்னடத்தையும் ஓராண்டு பறிப்பது பெரிய விலை. அக்கா இதற்கு உடனே இணங்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் அவன் வயிற்றுவலி என்று சொல்வதைப் பார்த்தவர் அவர். அந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வகுப்பாசிரியரைச் சந்தித்து, சில மாதங்களுக்குப் பிறர்முன் வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டார்கள்.

செவியையும் கண்ணையும் சோதிப்பதை இதற்கெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும். மைசூரில் இருந்துகொண்டு அதைச் செய்யாதது அறிவீனம்: 1960களிலிருந்து அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம் மானசகங்கோத்ரியில் இயங்குகிறது. டிஸ்லெக்சியாவாகவும் இருக்கலாம். தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட 'டாலி' என்ற மதிப்பீட்டுக் கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்ற நான்கில் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. அவனுக்கு எட்டு வயது முடிந்துவிட்டதால் சான்றிதழுக்கான மதிப்பீட்டையும் இப்போது கோரலாம். அக்கா முதலில் அஞ்சினார், பெயர் ஒட்டிக்கொள்ளுமே என்று. 'மக்கு' என்ற பெயர் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதே அக்கா என்றேன். அடுத்த வாரம் போகிறோம். எந்த முடிவு வந்தாலும் மாலைப் பாடம் நிற்காது.

கடைசியாக நம்மிடம், அதாவது இதை வாசிக்கும் ஆய்வாளர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு சொல். 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், பேச்சு செவிப்புலன் நிறுவனமும், பல்கலைக்கழகமும் இந்த ஊரில் அருகருகே இருக்கின்றன. தமிழ் ஒலியனியலில் எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன; என்னுடையதும் அந்த அடுக்கில் சேரும். ஆனால், 'இதுவரை கற்ற பன்னிரண்டு எழுத்துகளால் மட்டுமே ஆன, எட்டு வயதுப் பையன் வெட்கப்படாமல் வாசிக்கக்கூடிய ஒரு பக்கக் கதை' வேண்டும் என்று நான் தேடியபோது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஸ்டோரிவீவர் தளத்தில் அழகான தமிழ்க் கதைகள் படிநிலைகளாக உள்ளன. அப்படிநிலைகள் சொல்லின் எளிமையையும் கதையின் நீளத்தையும் வைத்து அமைந்தவை. முதல் நிலைக் கதையின் முதல் வரியிலேயே கொம்பும் உகரமும் வந்துவிடுகின்றன. எழுத்தடைவை வைத்து வரிசைப்படுத்தப்பட்ட ஐம்பது சிறு கதைகள் ஒரு முதுகலை வகுப்பு ஒரு பருவத்தில் செய்யக்கூடிய வேலை. அதற்கு மதிப்பெண் கொடுக்கும் துறை எது என்பதுதான் கேள்வி.

பையன் இப்போது உகரத்தின் மூன்றாம் குடும்பத்தில் இருக்கிறான். நேற்று 'மாடு', 'ஆடு', 'வீடு' மூன்றையும் தயங்காமல் வாசித்துவிட்டு, கடைப் பலகையில் பார்த்த ஒரு சொல்லைத் தானே மணலில் எழுதிக் காட்டினான்: 'பால்'. கொம்புக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அதற்குள், கொம்பும் ஐகாரமும் ஔகாரமும் இல்லாத, எட்டுப் பத்து வரிக் கதைகள் எனக்குப் பத்தாவது வேண்டும். பூனை வரக் கூடாது. அதில் ஐகாரம் இருக்கிறது. ஆடு, மாடு, நரி, புலி, காகம், பாட்டி, மாமா எல்லாரும் வரலாம். எழுதுபவர்கள் உள்பெட்டியில் அனுப்புங்கள்.